கண்டுபிடித்தார்களா, களவாடினார்களா?

தமிழ்ப் பிள்ளைகளின் நாவில் ஊறிப்போன ஒரு வினைச்சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. 'கண்டுபிடித்தான்' என்பது அச்சொல். கொலம்பசு அமெரிக்காவைக் கண்டுபிடித்தான். வாசுகோடகாமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தான். காபட்டு வட அமெரிக்கக் கரையைக் கண்டுபிடித்தான். தொலைந்துபோன பொருளையன்றோ கண்டுபிடிப்பர்? மாந்தர் குடியிருந்து, பிள்ளை பெற்று, இறந்தோரைப் புதைத்து வாழ்ந்த நிலத்தை ஒருவன் கண்டுபிடித்தான் எனின், அதுகாறும் அங்கு வாழ்ந்தோர் கண்ணிலாதவரோ? கோழிக்கோட்டு அங்காடியில் மிளகு அளந்தவனுக்குத் தன் ஊர் எங்கிருக்கிறதென்று தெரியாமலா இருந்தது?

நம் வகுப்பறைகளில் இராசேந்திரச் சோழன் பெயரே இல்லையென்று யான் கூறவில்லை, உண்டு. ஆனால் வினைச்சொல்லைப் பாருங்கள். அவன் கடல் கடந்தால் 'படையெடுத்தான்'. வெள்ளையன் கடல் கடந்தால் 'கண்டுபிடித்தான்'. ஒரு வினைச்சொல்லிலேயே ஓரினம் கொள்ளைக்காரனாகவும் மற்றோரினம் அறிவாளியாகவும் ஆக்கப்பட்டுவிடுகிறது. இதைக் கற்பிப்பதும் தமிழன்; கற்பதும் தமிழன்!

அந்தக் 'கண்டுபிடிப்பு' எத்தகையது என்று பார்ப்போம். தியூடர் மரபினர் இங்கிலாந்தை ஆண்டது 1485 முதல் 1603 வரை. அம்மரபின் முதல்வனான ஏழாம் என்றி 1496இல் காபட்டுக்கு ஒரு பட்டயம் தந்தான். கிறித்துவர் அதுவரை அறியாத நிலங்களை வென்று, மன்னன் பெயரால் கைக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கிறித்துவ ஐரோப்பியன் அறியாவிட்டால் அந்நிலம் ஆளற்ற நிலம்! 1497இல் பிரித்தலில் இருந்து புறப்பட்ட காபட்டு ஆங்கிலேயனும் அல்லன். இத்தாலியன் என்பது வேறு கதை.

அடுத்து வந்தவன் ஆக்கின்சு. 1562இல் ஆப்பிரிக்க மேற்குக் கரையில் முந்நூறு பேரைப் பிடித்துக் கடல் கடத்தி, அடிமைகளாக விற்றுப் பணம் பண்ணினான். 1564இல் அவன் இரண்டாம் முறை புறப்பட்டபோது அரசி எலிசபெத்து தன் கப்பலையே கொடுத்துதவினாள். அக்கப்பலின் பெயர் 'இயேசு'! பின்னர் அவனுக்கு வழங்கிய குலச்சின்னத்தில் கட்டுண்ட கறுப்பன் ஒருவனின் உருவத்தையே பொறித்தனர். திரேக்கு என்பான் 1577 முதல் 1580 வரை உலகைச் சுற்றிவந்தான். வழியில் இசுப்பானியக் கப்பல்களைக் கொள்ளையிட்டு வந்த பொன்னும் வெள்ளியும் அரசியின் கருவூலத்தை நிறைத்தன. 1581இல் அவனுக்கு வீரப் பட்டம் சூட்டினார்கள். நம் நாட்டில் இத்தகையோனுக்குக் கடற்கொள்ளையன் என்று பெயர்.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை, கடலே காணாத பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் என்ன என்று கேட்பீராயின், பொறுங்கள். (கடல் காணாத ஊர் என்பதும் சரியன்று. அரியலூர் மண்ணே பல கோடி ஆண்டுகட்குமுன் கடலடியாகக் கிடந்ததுதான். சுண்ணாம்புக்கல் தோண்டுமிடங்களில் கடலுயிரிகளின் கல்லுருக்கள் இன்றும் கிடைக்கின்றன.)

1600 திசம்பர் 31ஆம் நாள் எலிசபெத்து மற்றொரு பட்டயத்தில் கைச்சாத்திட்டாள். கிழக்கிந்தியக் குழும்பு பிறந்தது. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே பதினைந்தாண்டு வணிக உரிமை அதற்கே என்றாள். யாருடைய கடலை யார் யாருக்கு எழுதிக் கொடுப்பது? குழும்பின் முதற் கப்பல்கள் இலங்காசுத்தர் என்பான் தலைமையில் 1601இல் கிளம்பி, 1602இல் நக்கவாரத் தீவுகளைத் தொட்டுச் சுமத்திராவின் வடமுனையாகிய அச்சே துறையில் நங்கூரமிட்டன.

இவ்விடத்தில் தமிழர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். நக்கவாரமும் அச்சேயை ஒட்டிய இலாமுரியும் நமக்குப் புதுப் பெயர்களா? 1025இல் இராசேந்திரனின் கலங்கள் சென்ற இடங்களாக அவன் மெய்க்கீர்த்தி அடுக்கும் பதின்மூன்று பெயர்களுள் இவ்விரண்டும் உள்ளன: மாநக்கவாரம், இலாமுரிதேசம். வெள்ளையன் 'கண்டுபிடித்த' துறைக்கு 577 ஆண்டுகட்கு முன்பே தமிழன் பெயர் எழுதி வைத்திருந்தான்! அதையும் தமிழில் எழுதி வைத்திருந்தான். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி கடார வெற்றியை ஒரே பாட்டில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஊர் ஊராக, அரண் அரணாகப் பெயர் சுட்டி நிற்பது தமிழ் மெய்க்கீர்த்தியே. 1918இல் செதேசு என்னும் பிரெஞ்சு அறிஞர் சீவிசயம் என்றொரு பேரரசு சுமத்திராவில் இருந்ததென நிறுவியபோது, அவருக்குத் துணைநின்ற சான்றுகளுள் இத்தமிழ்க் கல்வெட்டும் ஒன்று.

சோழனும் கொள்ளை கொண்டானே என்பர் சிலர். ஆம், கொண்டான், சீவிசயத்தின் வாயில் தோரணத்தையும் கதவுகளையும் கவர்ந்து வந்ததை மெய்க்கீர்த்தியே மறைக்காமல் சொல்கிறது. போரை அறமென்று போற்ற யான் வரவில்லை. ஆனால் அவன் கடாரத்தைக் 'கண்டுபிடித்ததாக'ச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்நாடுகளுக்கு உரிய பெயரையே சொன்னான். கடாரங்கொண்டான் என்று அவ்வூர்ப் பெயரைத் தன்மேல் ஏற்றிக்கொண்டான். தியூடர் காலத்தார் செய்ததோ தலைகீழ். அமெரிக்கக் கரைக்குத் தங்கள் கன்னி அரசியின் நினைவாக வர்சீனியா என்று பெயரிட்டனர். அங்கு முன்பிருந்தோர் வழங்கிய பெயரை அழித்தனர். போர் முடிந்தபின் தமிழர் அங்கே தொடர்ந்தது வணிகத்தையே. சுமத்திராவின் பாரூசில் 1088இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டே அதற்குச் சான்று.

இலங்காசுத்தர் எப்படி வணிகம் செய்தான் தெரியுமா? அதே 1602இல் மலாக்கா நீரிணையில் ஒரு போர்த்துகீசியக் கப்பலை மடக்கினான். அது நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில் இருந்து துணிப்பொதி ஏற்றிச் சென்ற கப்பல். அத்துணியைக் கொடுத்தே சாவகத்தில் நறுமணப் பொருள் வாங்கினார்கள். கிழக்கிந்தியக் குழும்பின் முதற் கொள்ளை, தமிழ்நாட்டுத் தறியில் நெய்த துணி!

அப்புறம் நடந்தது நாமறிந்ததே. 1639இல் சென்னையில் மண் பிடித்தார்கள். 1751இல் நம் பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சியரோடு மோதினார்கள். மண் நம்முடையது, சண்டை அவர்களுடையது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். அணை வேண்டாமென்று எந்த உழவனும் சொல்லான். ஆனால் கல்? பெரம்பலூர்ப் பக்கத்துக் குன்றுகளில் கல்லுக்குப் பஞ்சமா? கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலை இடித்துக் கொண்டுபோனார்கள். தடுக்க வந்த ஊர் மக்களைப் பிடித்துத் தண்டித்தார்கள். கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தருவோம் என்றார்கள், கட்டித் தரவேயில்லை. இது யான் புனைந்ததன்று. வெள்ளையர் காலத்துக் குறிப்பே ஒப்புக்கொண்ட செய்தி. கடாரம் கொண்டவன் எழுப்பிய மதில், கடல் 'கண்டுபிடித்த' கூட்டத்தின் வழிவந்தோர் கையால் ஆற்றுக்குள் போயிற்று.

2025இல் அவன் கடற்செலவின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினோம். மாலை, மேடை, முழக்கம் எல்லாம் நடந்தன. மறுநாள் வகுப்பறையில் அதே 'கண்டுபிடித்தான்'தான். ஆசிரியத் தோழர்களே, பாடநூல் திருந்தும்வரை காத்திருக்க வேண்டா. கரும்பலகையில் 'சென்றடைந்தான்' என்று எழுதுங்கள். காபட்டுக்கும் அதுவே, காமாவுக்கும் அதுவே. மெய்க்கீர்த்தியின் பதின்மூன்று பெயர்களையும் நிலப்படத்தில் காட்டுங்கள். மாணாக்கரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துச் சென்றால், கோபுரத்தைக் காட்டியதோடு திரும்பிவிடாமல் அணைக்கரைக்கும் கூட்டிச் செல்லுங்கள். அணையின் கல் எங்கிருந்து வந்ததென்று நான்கு வரியில் ஒரு தமிழ்ப் பலகை அங்கே வேண்டும் என அரசின் நீர்வளத் துறைக்கு ஆளுக்கொரு மடல் எழுதுவோம்.