ஏரி நீரும் கரைவாசிகளின் உரிமையும்

ஏரியின் மதகைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரம் பெற்றோர், அதன் கரையில் வீடு கட்டி வாழும் குடிகளுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளிகள்? வட அமெரிக்காவின் ஒண்டாரியோ ஏரி விவகாரம் இக்கேள்வியை எழுப்பியிருக்கிறது. தேசம் தூரமானதாயினும் நியாயம் எங்கும் ஒன்றே. ஆதலின் நம் வாசகர்கள் இதைச் சிந்தித்தல் தகும்.

ஐக்கிய அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பொதுவான இவ்வேரியின் நீர், ஸெயிண்ட் லாரன்ஸ் நதி வழியே சமுத்திரத்தை அடைகிறது. அந்நதியில் மோஸஸ்-ஸாண்டர்ஸ் அணை எழுந்தபின், 1960 முதல் ஏரியின் மட்டம் ஒருவாறு மனிதர் கைக்கு அடங்கிற்று. 1909-ஆம் வருஷத்து எல்லை நீர் உடன்படிக்கையால் பிறந்த கமிஷன், தேசத்துக்கு மூவராக அறுவரைக் கொண்டு, இதை மேற்பார்த்து வருகிறது. நீர் மட்டம் மிக ஏறாமலும் மிக இறங்காமலும் பல்லாண்டு காக்கப்பட்டது. அந்த நம்பிக்கையில் கரையோரம் வீடுகள் நிலைத்தன. ஆனால் ஏற்ற இறக்கம் குன்றிய சதுப்பு நிலங்களைச் சம்பு மூடிக்கொண்டது. மீனும் பறவையும் தங்குமிடம் இழந்தன. இதைச் சீர்செய்யவே, இயற்கையின் ஏற்ற இறக்கத்துக்குச் சிறிது இடங்கொடுக்கும் '2014 திட்டம்' 2017 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. சுமார் 64,000 ஏக்கர் சதுப்பு நிலம் அதனால் உயிர் பெறும் என்றார்கள்.

சில மாதங்களுக்குள் பெருமழை பிடித்தது. 2017 மே மாதத்தில் நீர் மட்டம் 75.88 மீட்டரையும், 2019 ஜூனில் 75.92 மீட்டரையும் எட்டிற்று. 1918-இல் கணக்கு வைக்கத் தொடங்கியது முதல் அதுவரை காணாத உயரங்கள் இவை. வீடுகளில் நீர் புகுந்தது, கரை அரித்தது. குடிகள் திட்டத்தையே பழித்தனர். நியூயார்க் ராஜ்ய சர்க்கார் 2019-இல் கமிஷன்மீது வழக்கும் தொடுத்தது.

பழி முழுவதையும் திட்டத்தின் தலையில் சுமத்துவதை நாம் ஒப்பவில்லை. ஏரியில் ஒரு சென்டிமீட்டரை ஒரு வாரத்தில் குறைக்க, வினாடிக்குச் சுமார் 320 கன மீட்டர் நீரை அதிகமாக விடவேண்டும். அந்நீர் பாய்வதோ மாண்ட்ரியால் நகரின் பக்கம். 2017 மே மாதத்தில் ஒட்டாவா நதியின் வெள்ளத்தால் அந்நகரமே தத்தளித்துக்கொண்டிருந்தது. மேலுள்ளோரைக் காக்கக் கீழுள்ளோரை மூழ்கடிப்பது தர்மமாகுமா? வெள்ளம் தணிந்தபின் இரு வருஷங்களிலும் வினாடிக்கு 10,400 கன மீட்டர் வரை நீர் வெளியேற்றப்பட்டது. அவ்வளவு மழையை எந்த மதகும் முற்றும் தடுத்திராது.

எனினும், கமிஷனின் கடமை இவ்வளவில் முடிந்ததென்று கூறவும் நாம் உடன்படோம். உடன்படிக்கையின் எட்டாவது ஷரத்து, குடிநீரும் சுகாதாரமும் முதலாவது, கப்பற் போக்குவரத்து இரண்டாவது, மின்சக்தியும் பாசனமும் மூன்றாவது என்று வரிசை வகுக்கிறது. கரையிலுள்ள வீட்டுக்கு அவ்வரிசையில் இடமில்லை. ஆயினும், ஒரு தேசத்தில் எழும் தடுப்பால் மறு தேசத்தில் நீர் உயருமாயின், பாதிக்கப்படுவோருக்குப் பாதுகாப்பும் நஷ்டஈடும் ஏற்பாடு செய்தாக வேண்டுமென்று அதே ஷரத்து விதிக்கிறது. சொல் குறுகியதாயினும் அதன் தத்துவம் விரிந்தது. புதுத் திட்டத்தால் கரையோர நஷ்டம் ஓரளவு மிகுமெனக் கமிஷனே முன்கூட்டிக் கணித்திருந்தது. அறிந்தே ஏற்ற நஷ்டத்துக்கு ஈடுசெய்ய நிதியொன்றைத் திட்டத்தோடு சேர்த்து ஏன் வகுக்கவில்லை? நியூயார்க் சர்க்கார் 30 கோடி டாலர் ஒதுக்க முன்வந்ததும் 2019-இல், இரண்டாம் வெள்ளத்திற்குப் பிறகே.

திட்டத்தைக் கிழித்தெறிய வேண்டுமென்பது நம் கட்சியன்று. சதுப்பு நிலம் சகலருக்கும் உரிய சொத்து. தாழ்ந்த கரையில் வீடு கட்டுவோரும் நீரின் குணத்தை அறிந்தே கட்டவேண்டும். அங்கே புது வீடுகளுக்கு அனுமதி தருவதை அதிகாரிகள் நிறுத்தவேண்டும். ஆனால் சகலருக்கும் வரும் நன்மைக்குச் சிலர் மட்டும் விலை கொடுப்பது நீதியாகாது. அணையால் மின்சாரமும் கப்பல் வழியும் பெறுவோர் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். நீர் மட்டத்தை நிர்ணயிக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் நஷ்டஈட்டுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கட்டும். மதகின் திறவுகோலை ஏற்பவர், அது திறப்பதற்கும் அடைப்பதற்கும் சேர்த்தே பொறுப்பு ஏற்கிறார்.