வளைந்த ஒரு குழாயும் ஆறு உயிர்களும்



உளுந்தூர்பேட்டை வழியாகச் செல்லும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் குளிரூட்டப்பட்ட லாரிகள் இரவும் பகலும் ஓடுவதை நாம் காண்கிறோம். மீன், இறால், கோழி இறைச்சி, பால், ஐஸ்கிரீம் எல்லாமே இன்று குளிரில்தான் பயணம் செய்கின்றன. அந்தக் குளிர் யாருடைய உழைப்பால், எத்தகைய ஆபத்தின் நடுவே உண்டாகிறது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. எங்கேனும் விபத்து நேர்ந்தால் மட்டும் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக அது நம் கண்ணில் படுகிறது.

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர் பாண்டியாபுரத்தில், தனியார் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அம்மோனியா வாயு கசிந்தது. ஏறத்தாழ 30 பெண் தொழிலாளர்கள் மூச்சுத்திணறியும் மயங்கியும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பலர் பிழைப்புக்காக ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். 2020 ஆகஸ்டில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றிலும் இதே வாயு கசிந்து தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர்.

ஒவ்வொரு விபத்துக்கும் உடனடிக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் எல்லா ஆலைகளிலும் பொதுவான ஓர் உண்மை உண்டு. உறையவைக்கும் எந்திரங்களில் குளிரூட்டும் திரவம் குறையவும் கூடாது, மிகவும் கூடாது. அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் பொருள். தொட்டியில் அது குறைந்தால் மீன் சரியாக உறையாது. அளவுக்கு மிஞ்சினால், ஆவியோடு திரவமும் கம்ப்ரசருக்குள் புகுந்து அதையே உடைத்துவிடக்கூடும். தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலோ, சூடேறும்போது திரவம் விரிய இடமின்றி அழுத்தம் கூடும். இதற்காகவே அளவைக் காட்டும் மிதவைகளும், வரம்பு மீறினால் எந்திரத்தை நிறுத்தும் கருவிகளும், அலாரங்களும் பொருத்தப்படுகின்றன. உள்ளே வேலை செய்வோரின் உயிர் இந்தச் சிறு கருவிகளை நம்பி இருக்கிறது.

இதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கெயின்ஸ்வில் நகரில் உள்ள கோழி இறைச்சி ஆலையில் நடந்தது. அங்கே இறைச்சியை உறையவைக்க மைனஸ் 196 டிகிரிக் குளிருள்ள திரவ நைட்ரஜனைப் பயன்படுத்தினார்கள். எந்திரத்துக்குள் திரவம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாய் வளைந்துபோயிருந்தது. அதனால் சரியான அளவு தெரியாமல் எந்திரம் மேலும் மேலும் திரவத்தை வாங்கிக்கொண்டது. திரவம் வழிந்து அறைக்குள் பரவியது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். அம்மோனியாவின் நெடி மூக்கைத் துளைத்து நம்மை எச்சரிக்கும். நைட்ரஜனுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது பிராணவாயுவை விலக்கி அந்த இடத்தை நிரப்பும்போது, இரண்டொரு மூச்சிலேயே மனிதன் நினைவிழந்து விழுகிறான்.

ஆறு தொழிலாளர்கள் இறந்தனர். பழுது பார்க்கச் சென்றவர்கள் முதலில் விழுந்தார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்கவும், விழுந்தவர்களைத் தூக்கவும் ஓடியவர்கள் அடுத்து விழுந்தார்கள். விசாரணை நடத்திய அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் குழாயை மட்டும் குறை கூறவில்லை. அந்த ஒன்று தவறினால் தடுக்க இன்னொன்று இல்லை. அறையில் பிராணவாயு குறைவதை அறிவிக்கும் அலாரம் இல்லை. அந்தத் திரவம் எத்தகையது என்று தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

இங்கே நாம் விவிலியத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில், புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்று கடவுள் கட்டளையிடுகிறார். சுவர் இல்லாமல் ஒருவன் விழுந்து இறந்தால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். 'விழுந்தவன் ஏன் கவனமாக நடக்கவில்லை?' என்று கடவுள் கேட்பதில்லை. 'நீ ஏன் சுவர் கட்டவில்லை?' என்றுதான் கேட்கிறார். திரவத்தின் அளவைக் காட்டும் கருவியும், அது தவறினால் ஒலிக்கும் இரண்டாவது அலாரமும் இன்றைய ஆலைகளின் கைப்பிடிச்சுவர்கள். செலவைக் குறைப்பதற்காக அவற்றை விட்டுவிடுவது வெறும் கவனக்குறைவு அல்ல. 'கொலை செய்யாதே' என்னும் கட்டளையைச் சேர்ந்த காரியம்.

ஆனால் நம்மிடையே விபத்து நடந்தவுடன் 'விதி', 'அவர்கள் நேரம்' என்று சொல்லிவிடுகிறோம். சிலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டார் (லூக்கா 13:4). இறந்தவர்மேல் பழிபோடும் மனப்பான்மையை அவர் ஏற்கவில்லை.

உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்காத வேலையிடம் தொழிலாளரின் உரிமை என்று திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' சுற்றுமடல் கற்பிக்கிறது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, லியோ என்னும் பெயரைத் தாம் ஏற்றதற்கு, 1891-இல் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதிய 13-ஆம் லியோவையே முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டார்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? நம் பங்குகளிலிருந்து பிள்ளைகள் வெளியூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் எவ்வளவு, தங்கும் இடம் உண்டா என்று கேட்கிறோம். அங்கே என்ன வாயு பயன்படுகிறது, அலாரம் ஒலித்தால் எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்றும் கேட்கச் சொல்லிக்கொடுப்போம். உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சினால் அதை நிர்வாகத்திடமும் அரசு ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமை, போபால் துயரத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. தமிழகத்தில் இதற்கெனத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வாயு கசிந்த அறைக்குள் ஒருவர் விழுந்து கிடந்தால், சுவாசக் கருவி இல்லாமல் யாரும் உள்ளே ஓடக்கூடாது. நண்பருக்காக உயிரைக் கொடுப்பது மேலான அன்பு என்று ஆண்டவர் சொன்னார். ஆனால் அத்தகைய தியாகம் தேவைப்படும் நிலையைத் தொழிலாளர்மேல் சுமத்துவது அநீதி. நம் இளையோர் இயக்கங்களும் அன்பியங்களும் மே 1, தொழிலாளரான புனித யோசேப்பின் நாளை இத்தகைய பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்.

நம்மில் ஆலை நடத்துவோரும், மேலாளர்களும், எந்திரம் பராமரிப்போரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: நாளை வேலைக்குச் சென்றதும் அந்த அளவுமானியையும் அலாரத்தையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அதுவும் கடவுளுக்கு உகந்த வழிபாடே.