மோட்டாரின் மூக்கு

மெட்ரோ ரயிலுக்காக லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் பூமியைத் தோண்டியதில் எழுந்த புழுதியை நாம் மட்டுமா சுவாசித்தோம்? நம் சின்னக் கார்களும் அல்லவா சுவாசித்தன! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவும் ஏர் பில்டர் என்னும் மடிப்புக் காகிதத்தின் வழியே செல்ல வேண்டியிருக்கிறது.

அக்காகிதத்தை நாம் ஒருமுறை குழாயடியில் அலசி, மொட்டை மாடியில் உலர்த்தி, மறுபடி மாட்டினோம். சிக்கனமாம்! நனைந்த காகிதம் நைந்து கிழிந்தால், புழுதி ஸிலிண்டருக்குள் புகுந்து உப்புத்தாளைப் போல் தேய்த்துவிடும் என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

அழுக்கேறினால் பெட்ரோல் அதிகம் செலவாகும் என்பது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-க்குப் பொருந்தும். இக்காலத்து வண்டிகளில் வேகம் எடுப்பதுதான் மந்தமாகும். லேசான தூசியைத் தட்டி உதிர்க்கலாம். கறுத்துவிட்டால் புதிதே போட வேண்டும். பல கார்களில் கொக்கிகளை நெம்பினால் மூடி திறந்துகொள்ளும். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.