பேனாவுக்குள் ஆவி

செவ்வாய்க்கிழமை காலையில் மேசைக்கு வந்தால் என் பேனாவின் உடம்பைக் காணோம். மூடி இருந்தது. நிப்பும் கழுத்தும் பழைய கலண்டர் தாளில் பக்குவமாகச் சுற்றி மூடிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. திருடன் மரியாதை தெரிந்தவன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்தப் பேனாவைத் தெரியும். முதல் சம்பளத்தில் மாத்தளை திருகோணமலை வீதியில் வாங்கிய கறுப்பு ஹீரோ. போல்பொயின்ட்டில் எழுதினால் எனக்குப் பொய் தானாக வருகிறது என்று ஒருமுறை எழுதி, மூன்று வாசகர்களிடம் திட்டும் ஒருவரிடம் இரண்டு மைப்போத்தலும் வாங்கிக் கட்டிக்கொண்டேனே, அதே பேனா. இந்த வாரப் பத்தி போல்பொயின்ட்டில் எழுதப்படுகிறது. எச்சரிக்கையாகப் படியுங்கள்.

உடம்பு பின்னேரம் கிடைத்தது. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், ஒரு ஜாம் போத்தலோடும், என் குளியலறையில் போன மாதம் எரிந்துபோன பல்போடும் கலியாணம் செய்து வைக்கப்பட்டிருந்தது. சூத்திரதாரி, கீழ்வீட்டில் குடியிருக்கிறவர்களின் மூத்த பையன். தகப்பன் தம்புள்ளை பஸ் ஓட்டுகிறார். பையன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான், என்னிடம் ஆங்கிலத்துக்கு வருகிறான். அதை எப்படிச் செய்தான் என்று எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரம் மாத்தளையில் ஒருவரிடமும் பேனா இருக்காது.

“என்னடா இது?”

“வேது புடிக்க சேர். தடிமன்.”

“உங்க அம்மாகிட்ட பானை இல்லியா?”

“இது சின்னது சேர். பொக்கட்டுல வைக்கலாம்.”

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடக் கழிவறைகளுக்குப் பின்னால் நின்று மோப்பம் பிடித்தவன் நான். அது துளசி வாசமும் இல்லை, நொச்சி வாசமும் இல்லை. எதிலே பார்த்தாய் என்று கேட்டேன். போனைக் காட்டினான். புகைதான் கெடுதியாம், ஆவி கெடுதி இல்லையாம். இலையை எரிக்காமல் சுட்டால் போதுமாம். முதல் பாதி முழுப்பொய் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஜெர்மனியில் டுட்லிங்கன் என்றொரு ஊரில் இந்த வேலையைச் செய்கிற கருவியைச் சூட்டை எண்ணால் அளந்து, மருத்துவக் கருவி என்று சான்றிதழோடு விற்கிறார்கள். ஆனால் அவர்கள் அதை என் பேனாவில் செய்வதில்லை. சூடேறிய பிளாஸ்டிக் தன் சொந்த ஆவியையும் சேர்த்துத்தான் கொடுக்கும். சுருள் பல்பாக இருந்தால் உள்ளே பாதரசம். அமெரிக்காவில் 2019இல் தொடங்கிய நுரையீரல் நோயில் 2020 பெப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் இழுத்தது கஞ்சா எண்ணெய் ஆவி. முக்கியக் குற்றவாளி அதில் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்று. தோலில் பூசினாலும் மாத்திரையாக விழுங்கினாலும் ஒன்றும் செய்யாத சாமான்; நெஞ்சுக்குள் போனபோது கொன்றது. இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். அவன் பார்வை முழுவதும் என் கையிலிருந்த நிப்பில் இருந்தது. “அது பழுதாகல சேர்” என்றான்.

பத்திரிகை ஆசிரியர் இந்த வாரம் என்னிடம் கேட்டிருந்தது இதையல்ல. 2025இல் ஏற்றுமதிக்கு மட்டும் என்று ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கஞ்சா வளர்க்க அனுமதி கொடுத்தார்களே, மீரிகம முதலீட்டு வலயத்தில், அதைப் பற்றி “மலைநாட்டுக் கோணத்தில்” எழுதச் சொன்னார். எழுதத்தான் உட்கார்ந்தேன். 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் புரட்டினேன். அந்தச் சட்டத்தின் நிழலிலேயே ஆயுர்வேத வைத்தியர்களுக்கு இந்த இலை மருந்துச்சரக்காகக் கிடைத்து வருகிறது. அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள்: திரைலோக்ய விஜய பத்ர. மூன்று உலகத்தையும் வென்ற இலை! அந்த இலை எங்கிருந்து வருகிறது? பொலிஸ் பிடித்து, நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாகக் கிடந்து, வழக்கு முடிந்தபின் ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு வருகிறது. வந்து சேரும்போது நான்கைந்து வருடம் பழசாகி வீரியம் போய்விடுகிறது என்று 2017 வாக்கில் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே குறைப்பட்டார். மூன்று உலகத்தை வென்றது களஞ்சிய அறையில் தோற்றுப்போகிறது.

சரி, செய்தி அவ்வளவுதான். மீரிகமவில் வேலி எத்தனை அடி என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பையன் சொன்ன “வேது” என்ற சொல்தான் இரண்டு நாளாக மண்டைக்குள் கொதிக்கிறது.

எல்கடுவப் பக்கத்து லயம் ஒன்றில் நான் பிறந்தேன். எங்களுக்குத் தடிமன் பிடித்தால் அம்மா மண்பானையில் நொச்சி, எலுமிச்சை இலை, மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்து இறக்குவார். செங்கல் துண்டு ஒன்று அடுப்புக்குள் சிவந்துகொண்டிருக்கும். தோட்டத்தில் கொழுந்துக்குப் போகும்போது மழைக்குப் போடுகிற கம்பளியைத் தலைக்குமேல் மூடி, உள்ளே என்னையும் பானையையும் தள்ளிவிட்டு, இடுக்கியால் அந்தக் கல்லைப் பானைக்குள் போடுவார். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பிறகு உலகமே இருட்டு, ஆவி, கம்பளியின் ஈர ஆட்டு நாற்றம். கத்துவேன். “கத்து, கத்து, சளி எறங்கும்” என்பார்.

ஹெரோடோட்டஸைப் படித்தபோது எனக்கு அந்தக் கம்பளி ஞாபகம்தான் வந்தது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் அவர் சித்தியர்களைப் பற்றி எழுதுகிறார்: மூன்று கம்பைச் சாய்த்து நட்டு, கம்பளியால் மூடி, உள்ளே பாத்திரத்தில் சிவக்கச் சுட்ட கல்லைப் போட்டு, அதன்மேல் கஞ்சா விதையைத் தூவுவார்கள், வருகிற ஆவியில் ஆனந்தமாகக் கத்துவார்கள். கிழவர் கதை விடுகிறார் என்று ரொம்பக் காலம் நினைத்திருந்தார்கள். 1940களின் பிற்பகுதியில் செர்கெய் ருடென்கோ என்ற ரஷ்யர் அல்தாய் மலையில் பசிரிக் புதைமேட்டைத் தோண்டினால், பனிக்கட்டிக்குள் அப்படியே இருக்கிறது: கம்புகள், செம்புப் பாத்திரம், கற்கள், கருகிய விதை. அம்மாவின் செட் முழுவதும். பானைக்குள் நொச்சி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆவி பிடிக்க மனிதனுக்கு எப்போதும் வீட்டுச் சாமானே போதுமாக இருந்திருக்கிறது. (2021இல் கொரோனாவுக்குப் பயந்து ஊரே துவாய்க்குள் தலையை விட்டிருந்ததை மறக்கவில்லை. அதற்கு முந்திய டிசம்பரில் கேகாலைப் பாணிக்குச் சனம் கியூவில் நின்றபோது, அதற்குள் சாதிக்காய் இருக்கிறது என்று கேட்டு மாத்தளைக்காரனாகக் கொஞ்சம் பெருமைப்பட்டதும் உண்டு. பாவம்தான்.)

இனி நொக்ஸுக்கு வருகிறேன். “மறுபடியும் நொக்ஸா?” என்று உக்குவளையிலிருந்து எழுதும் அன்பர் இந்தப் பக்கத்தை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

ரொபர்ட் நொக்ஸ், பத்தொன்பது வயசில், 1660இல், கொட்டியாரக் குடாவில் தகப்பனோடு பிடிபட்டான். ‘ஆன்’ என்ற கப்பலின் பாய்மரம் புயலில் முறிந்ததால் கரைக்கு வந்தவர்கள். இரண்டாம் இராஜசிங்கன் அவர்களைச் சிறைக்குள் அடைக்கவில்லை. கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து விட்டான். தகப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். மகன் பத்தொன்பது வருடம் இருந்தான். 1681இல் லண்டனில் வெளியான அவனுடைய புத்தகத்தை நான் தெஹிவளை திசர பிரகாசகயோ பதிப்பில் வைத்திருக்கிறேன். அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கத்தைக் கறையான் படித்துவிட்டது. யானை, அட்டை, அரசன், அரிசி எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது அவன் பிழைத்த விதத்துக்கு. தொப்பி பின்னினான். வீடு கட்டினான். நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். ஸ்டீபன் ரட்லண்ட் என்ற கூட்டாளியோடு புகையிலை, மிளகு, பூண்டு, சீப்பு, இரும்புச் சாமான் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே நடந்து நடந்து விற்றான். வியாபாரம் ஒரு சாட்டு. தப்பிப் போக வழி பார்ப்பதே வேலை. அந்த மூட்டையோடு அவன் எங்கள் மாத்தளைக் கணவாயில் இறங்கி நாலந்தாப் பக்கம் போயிருப்பான் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆதாரம் கேட்காதீர்கள், ஆசைதான்.

வடக்கில் தண்ணீர் இல்லை. மழை தேங்கிய குட்டைத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். குடித்தால் தாடியில் சேறு ஒட்டிக்கொள்ளுமாம். ஒவ்வொரு பயணத்திலும் காய்ச்சலோடு திரும்பினார்கள். கடைசியில் ஊர்க்காரர்களிடமிருந்து ஒரு மாற்று மருந்து கற்றுக்கொண்டார்கள்: ‘பங்கா’ என்ற காய்ந்த இலை. பொடித்து, நாட்டுச் சக்கரையோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில். தலை சுற்றும், போதை வரும். பேதியோ வாந்தியோ இல்லை என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதி வைக்கிறான். நல்லது என்றும் சொல்லவில்லை, பாவம் என்றும் சொல்லவில்லை. பைபிளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிற புரட்டஸ்தாந்துக்காரன் அவன்!

அந்த இலையும் சக்கரையும் கலந்த உருண்டையை நீங்கள் எங்கேயோ பார்த்திருக்கிறீர்கள். கடைக்குப் பின்பக்கத்தில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், மதனமோதகம் என்ற பெயரில் விற்று, மாதத்துக்கு ஒருமுறை பொலிஸ் பிடித்துப் பத்திரிகையில் போடுகிறதே, அதன் ஒன்றுவிட்ட அண்ணன்தான். மதனமோதகம் உண்மையில் பழைய ஆயுர்வேத மருந்து. இலையோடு திப்பிலி, மிளகு, சுக்கு, நெய் என்று பட்டியல் நீளும். நெய் ருசிக்காக அல்ல: இந்த இலையின் சத்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அம்மாவின் பானையில் கஞ்சாவையே போட்டிருந்தாலும் எனக்குச் சளிதான் இறங்கியிருக்கும்.

1679இல் நொக்ஸும் ரட்லண்டும் அநுராதபுரத்துக் காடுகள் வழியாக, மல்வத்து ஓயாக் கரையோரம் நடந்து, அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். லண்டனில் நொக்ஸுக்கு ஒரு சிநேகிதர் வாய்த்தார். ரொபர்ட் ஹூக். ஆமாம், அதே ஹூக். பையன் பௌதிகவியலில் படிக்கிற, சுருளியைத் தொங்கவிட்டுப் படி போடுகிற ஹூக்கின் விதிக்காரர். நொக்ஸின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவரும் அவர்தான். இருவரும் கோப்பிக்கடைகளில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு ஒருநாள் அந்த இலைக்குப் போயிருக்கிறது. 1689 டிசம்பர் 18ஆம் திகதி, ரோயல் சொசைட்டியில், விக்கு வைத்த கனவான்களுக்கு முன்னால் ஹூக் எழுந்து நின்று கஞ்சாவைப் பற்றிக் கட்டுரை படித்தார். இதைத் தின்றவன் சிரிக்கிறான், பாடுகிறான், என்ன பேசுகிறோம் என்று தெரிவதில்லை, பிறகு தூங்கி எழுந்து பசியோடு சாப்பிடுகிறான் என்று வரிசையாகச் சொல்கிறார். பயப்பட ஒன்றும் இல்லை, சிரிக்க வேண்டுமானால் இருக்கலாம் என்றும் ஒரு வார்த்தை போடுகிறார். சித்தப் பிரமைக்கு மருந்தாகலாமா என்று யோசிக்கிறார். இங்கிலீஷில் இந்த இலையை ஒரு விஞ்ஞானி நிதானமாக ஆராய்ந்த முதல் பேச்சுகளில் ஒன்று அது. அதற்கு அடியில் கிடப்பது, கண்டி இராச்சியத்தில் யாரோ ஒரு பேர் தெரியாத கிராமத்தான், காய்ச்சலில் நடுங்குகிற பரதேசி ஒருவனுக்கு இரக்கப்பட்டு நீட்டிய சக்கரை உருண்டை.

வியாழக்கிழமை ஆங்கில வகுப்பில் பையனுக்கு இந்தப் பக்கங்களைத்தான் வாசிக்கக் கொடுத்தேன். தகப்பனிடம் நான் சொல்லவில்லை. இந்த ஒருமுறைக்கு. அவனுக்கும் அது தெரியும். ஹூக்கின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“அப்போ ஹூக்கும் அடிச்சாரா சேர்?”

“அவர் எழுதினார். பேனாவால்.”

அரை மணி நேரம் தலை குனிந்து வாசித்தான். பங்கா வருகிற இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டான், ஆச்சரியம். தாடியில் சேறு ஒட்டுகிற இடத்தில் நின்று, “இந்தத் தண்ணியைத்தான் சேர் எங்க தாத்தாவோட ஆளுங்களும் மன்னார்லேர்ந்து நடந்து வர்றப்போ குடிச்சிருப்பாங்க” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அதே அரிப்புக் கரைப் பக்கமாக இறங்கி, அதே வறண்ட காட்டை எதிர்த்திசையில் கடந்து, மாத்தளைக்கு வந்தார்கள் எங்கள் ஆட்கள். கோப்பிக்காக. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் எத்தனையோ பேர் விழுந்தார்கள். அவர்களுக்கு யாரும் சக்கரை உருண்டை கொடுத்ததாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மாத்தளை முத்துமாரியம்மனிடம் அவர்கள் முதலில் கேட்டது என்னவாக இருந்திருக்கும் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட யோசித்துப் பார்க்காததும் அப்போதுதான் உறைத்தது. முப்பத்தொரு வருடம் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன்.

பேனா விஷயம். திருகோணமலை வீதிக் கடைக்காரர் நிப்பைக் கையில் வாங்கிப் பார்த்து, இந்த அளவுக்கு உடம்பு இப்போது வருவதில்லை, முழுப் பேனாவாக வாங்குங்கள் என்கிறார். வாசகர்கள் யாரிடமாவது நிப்பு உடைந்துபோன பழைய கறுப்பு ஹீரோ சும்மா கிடந்தால் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். தபால் செலவை நான் தருகிறேன். பதிலுக்கு ஒரு ஜாம் போத்தலும் எரிந்த பல்பும் இருக்கிறது, வேண்டுமென்றால்.