காலி இடங்களுக்கு ஒரு நுழைவுத்தேர்வு

பி.எம்.எஸ்., பி.பி.ஏ. ஆகிய மேலாண்மைப் பட்டப்படிப்புகளில் சேர சி.இ.டி. என்ற பொது நுழைவுத்தேர்வை எழுதியே தீர வேண்டும் என்ற உத்தரவை மகாராஷ்டிர மேலிடத்தார் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் இதைப் புகுத்தியபோது நடந்த கூத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாநிலத்தில் இருந்தவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள். மே மாதத் தேர்வை எழுதியவர்கள் அதில் பாதிகூட இல்லை. ஆள் அதிகம், இடம் குறைவு என்றால் வடிகட்டத் தேர்வு வைப்பார்கள். இங்கே எழுதிய அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டாலும் பாதி பெஞ்சு காலி! அந்தப் பெஞ்சுகளை நிரப்ப ஆகஸ்டில் இன்னொரு சி.இ.டி. நடத்தினார்கள். 2025இலும் கூடுதல் தேர்வு தேவைப்பட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டதால் இவை தொழிற்படிப்புகள், ஆகவே தேர்வு கட்டாயம் என்கிறார்கள். அதே ஏ.ஐ.சி.டி.இ.தான் தமிழ்நாட்டுக்கும். அங்கே கலை, அறிவியல் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே பி.பி.ஏ. சேர்க்கை நடக்கிறது.

இந்தத் தேர்வு எதைத்தான் அளக்கிறது? நூறு கேள்வி, தொண்ணூறு நிமிடம். நாற்பது கேள்வி ஆங்கிலம், முப்பது தர்க்கமும் எண்கணிதமும், மீதி பொது அறிவும் கணினி அடிப்படையும். இரண்டு ஆண்டுகள் காமர்ஸ் படித்தவருக்குக் கணக்குப்பதிவியலில் ஒரு கேள்வி கிடையாது. கல்லூரியில் யார் தேறுவார் என்பதை ஆராய்ந்தவர்கள் சொல்வதோ வேறு. சிகாகோ அரசுப் பள்ளி மாணவர்களைப் பற்றி 2020இல் வந்த ஆய்வு, பட்டம் முடிப்பதை முன்கூட்டிச் சொல்வதில் நுழைவுத்தேர்வைவிடப் பள்ளி மதிப்பெண் ஐந்து மடங்கு வலுவானது என்று கண்டது. 2010இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் வகுப்புக்கு ஒழுங்காக வருவது நுழைவுத்தேர்வு, பள்ளி மதிப்பெண், படிக்கும் பழக்கம் எல்லாவற்றையும் முந்தி நின்றது. போர்டுக்குப் போர்டு மதிப்பெண்ணை வாரி இறைக்கிறார்களே, அதை நம்பலாமா என்று கேட்பார்கள். சிகாகோவிலும் பள்ளிக்குப் பள்ளி தரம் வேறுதான். அப்படியிருந்தும் கிடைத்த முடிவு அது. எம்.ஐ.டி. 2022இல் நுழைவுத்தேர்வைத் திரும்பக் கொண்டுவந்ததையும் காட்டுவார்கள். பல்லாயிரம் பேரில் சிலரைப் பொறுக்கி எடுக்கும் இடம் அது. நம் கல்லூரிகளோ ஆளில்லாமல் விளம்பரம் போடுகின்றன.

வருகைதான் முக்கியம் என்றால், தாமதமாகக் கூடுதல் தேர்வு நடத்தி, அதன் பிறகு கவுன்சலிங் வைத்து, பருவத்தில் ஒரு பகுதி போன பின் மாணவரை உள்ளே விடுகிற ஏற்பாடு எதைக் கெடுக்கிறது? அவர் தேறுவதற்கு எது துணையோ அதையே கெடுக்கிறது. மும்பையின் மான்குர்த் பகுதிக்கு இதன் பொருள் இன்னும் கடுமை. 2009இன் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் மான்குர்த் அடங்கிய எம் கிழக்கு வார்டுதான் கடைசி. அங்குள்ள லல்லுபாய் காம்பவுண்டில் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பத்துக்குக் கொடுத்தது 225 சதுர அடி. சமையல், தூக்கம், டி.வி., பிள்ளையின் படிப்பு எல்லாம் அதற்குள்தான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி எச்.எஸ்.சி. வரை வந்த பெண்ணிடம் ஆங்கிலத்துக்கு நாற்பது மார்க், கோச்சிங் இருந்தால் வா என்றால், வராதே என்று அர்த்தம். அவள் ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு தினம் வகுப்புக்கு வருவாளா என்பதை எந்தச் சி.இ.டி.யும் கேட்பதில்லை.

சாமர்த்தியமான கல்லூரிகள் தப்பித்துக்கொண்டன. பி.எம்.எஸ். என்ற பலகையை இறக்கிவிட்டு பி.காம். (மேலாண்மை) என்று மாட்டின. தேர்வு வேண்டாம் என்றாகிவிட்டது. பெயரை மாற்றினால் போய்விடுகிற தகுதிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? மேலிடத்தாருக்கு இத்தகைய குழப்பம் புதிதும் இல்லை. 2021இல் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கே சி.இ.டி. என்றார்கள், தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. 2017இல் முன்னேற்பாடு எதுவுமின்றி மும்பைப் பல்கலைக்கழக விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தப் புறப்பட்டார்கள்; முடிவுகள் மாதக்கணக்கில் வராமல், மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். துணைவேந்தர் பதவி போனது. அந்த மாணவர்கள் இழந்த ஆண்டுக்கு யார் பதில் சொன்னார்கள்? 2025இல் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கான இணையதளம் முதல் நாளே படுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அவசர உத்தரவு, குழப்பம், கால நீட்டிப்பு. கடைசியில், மாணவர்கள் ஒத்துழைக்கவில்லை என்று ஒரு குறை.

மதிப்பெண்ணையும் மாணவரின் சூழலையும் சேர்த்துப் பார்க்கும் நியாயமான முறை ஒன்றைக் கல்லூரி ஆசிரியர்களோடு உட்கார்ந்து வகுக்கட்டும். சேர்ந்த பிறகு கணக்கிலும் ஆங்கிலத்திலும் கைகொடுக்க வழி செய்யட்டும். அதுவரை, 2024இல் லட்சம் இடத்துக்கு அரை லட்சம் பேரை வைத்துத் தொடங்கிய இந்தத் தேர்வைத் தொடர மேலிடத்தாருக்கு எந்த நியாயமும் இல்லை. அடுத்த சேர்க்கைக்கு முன் இதைக் கைவிட வேண்டும்.