கார்டு மேல் பழி போடாதீர்கள்!

லினக்ஸில் நெட் வரவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது கேபிள். அடுத்து ரவுட்டர். அதற்கடுத்து நெட்வொர்க் கார்டு. கடைசியில் "லினக்ஸே இப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கெர்னலை எந்த கம்பைலரில் தொகுத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கெர்னலை அப்டேட் செய்த கையோடு நெட் போனால், கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் அது ஒன்று.

கம்பைலருக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? கார்டின் டிரைவர் பெரும்பாலும் தனி மாட்யூல். கெர்னலும் மாட்யூலும் நினைவகத்தில் ஒரே விவரப் பட்டியலைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. ஒரே பேரேட்டில் ஒரு கணக்கர் ஐந்து பத்தி போட்டு எழுதுகிறார், இன்னொருவர் நான்கு பத்தி என்று நினைத்துப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை இருக்க வேண்டிய இடத்தில் தேதி இருக்கும்!

2.4 கெர்னலில் இது நிஜமாகவே நடந்தது. ஒரே ஒரு பிராசசர் உள்ள கணினிக்கு 'ஸ்பின்லாக்' என்ற பூட்டு தேவையில்லை, அது காலியாக இருக்கலாம். ஆனால் ஜிசிசி 2 வரிசை கம்பைலர்களில் காலி அமைப்புகளைக் கையாள்வதில் ஒரு பிழை. அதனால் அவற்றுக்கு மட்டும் உள்ளே ஓர் எண்ணை வைத்து இடத்தை நிரப்பினார்கள். அந்த எண்ணுக்கு வைத்த பெயரே 'ஜிசிசி இஸ் பக்கி'! ஜிசிசி 3-இல் அது கிடையாது. நெட்வொர்க் கார்டின் விவரப் பட்டியலிலும் இந்தப் பூட்டு உண்டு. கெர்னல் ஜிசிசி 2-இலும் டிரைவர் ஜிசிசி 3-இலும் தொகுக்கப்பட்டால், பூட்டுக்குப் பின்னால் உள்ளதெல்லாம் நாலு பைட் தள்ளிப்போகும். பிறகு நெட் எங்கே வரும்?

2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் ஒரு நல்ல காரியம் செய்தது. மாட்யூலுக்குள் ஜிசிசி எண்ணையும் எழுதி வைத்து, பொருந்தாவிட்டால் ஏற்ற மறுத்தது. ஆனால் திரையில் வந்தது "மாட்யூலின் வடிவம் செல்லாது" என்ற மொட்டைச் செய்தி. உண்மையான காரணம் கெர்னல் லாகில் தூங்கியது. அதைப் பார்க்காதவர்கள் 'ஃபோர்ஸ்' போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றினார்கள். ஐந்தொகை டேலி ஆகவில்லை என்று சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுவது போன்ற வேலை இது. அன்றைக்குத் தலைவலி தீரும், தப்பு உள்ளேயே இருக்கும்.

அந்தச் சோதனை பின்னாளில் எடுக்கப்பட்டுவிட்டது. பிரச்சினை போய்விட்டதா என்றால், இல்லை. 2024 தொடக்கத்தில் உபுண்டு 22.04-க்கு வந்த 6.5 கெர்னல் ஜிசிசி 12-இல் தொகுக்கப்பட்டது. கணினிகளில் வழக்கமாக இருந்ததோ ஜிசிசி 11. கெர்னல் கேட்ட ஓர் ஆப்ஷன் பழைய கம்பைலருக்குப் புரியவில்லை. தனியாக நிறுவிய வைஃபை டிரைவர்கள் தொகுக்கப்படாமல் நின்றன. ரீபூட் செய்தால் வைஃபை காணோம். மருந்து ஜிசிசி 12. அதை இறக்க நெட் வேண்டும்... நெட்தான் இல்லையே!

அப்போது புதுக் கார்டு வாங்க ஓடுவதை விட, பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுப்பது மேல். நெட் வந்ததும் சரியான கம்பைலரைப் போட்டுக்கொள்ளலாம். கெர்னல் எந்த கம்பைலரில் பிறந்தது என்பது 'ப்ராக்' அடைவின் 'வெர்ஷன்' கோப்பில் ஒரே வரியில் இருக்கிறது.

பயனர் மேல் மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மறுக்கிற மென்பொருள் நேர்மையானதுதான். ஆனால் ஏன் மறுக்கிறது என்பதை முகத்துக்கு நேரே சொன்னால்தான் அந்த நேர்மையால் யாருக்காவது பயன்.