‘அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க’

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க, அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க.” சென்னையிலும் புறநகரிலும் வாடகை வீடு தேடும் தலித் குடும்பங்களுக்குப் பழகிப்போன பதில் இது. முன்பு வீட்டுக்காரர் சொந்த ஊரைக் கேட்பார். அடுத்து, ஊரில் எந்தத் தெரு என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது. அடுக்குமாடி வந்த பிறகு அந்தச் சங்கடமும் அவருக்கு இல்லை.

அசோசியேஷன் என்பது சட்டப்படி வீட்டு உரிமையாளர்களின் சங்கம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2022இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்திலும் அப்படித்தான். உறுப்பினர் உரிமையாளர், ஓட்டும் அவருக்கே. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுவது பெரும்பாலும் குடியிருப்பவர். தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் பழுதுக்கும் பணம் தருபவருக்குக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. ஆனால் அங்கே போடுகிற தீர்மானம் முதலில் பாய்வது அவர்மீதுதான். உரிமையாளர் வீட்டில் கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள். வாடகைக்கு இருப்பவர் வறுத்தால் செயலாளரிடமிருந்து உரிமையாளருக்குப் போன் போகும்.

வண்டி நிறுத்துவது, குப்பையைப் பிரிப்பது, இரவுச் சத்தம் இவற்றுக்கெல்லாம் விதி வேண்டும், யாரும் மறுக்கவில்லை. சிக்கல் ‘சைவம் மட்டும்’ என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இறைச்சி உண்பவர்கள்தான். அப்படியிருக்க, அந்தப் பலகை எல்லோரையுமா தடுக்கிறது? இறைச்சி உண்ணும் மற்ற சாதிக்காரர் “வீட்டில் சமைக்க மாட்டோம்” என்றால் சாவி கிடைக்கிறது. அதே உறுதியைத் தலித் தரும்போது வீடு ‘ஏற்கெனவே பேசி முடிந்துவிடுகிறது’. உணவு விதியை மட்டும் வைத்து வழக்காடுவது கடினம். ஆனால் ஒருவருக்குத் தளர்ந்து இன்னொருவருக்கு இறுகும்போது அது உணவு விதியாக இல்லை.

வாடகைச் சட்டம் இங்கே உதவுமா? 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பு வைக்கிறது. குடிவந்தவருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் சாதி பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. உள்ளே போனவருக்குத்தான் அந்தச் சட்டம். வாசலிலேயே நிறுத்தப்பட்டவருக்கு அதில் இடமில்லை.

அவருக்கான சட்டம் வேறு இடத்தில், 1955 முதலே இருக்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், நம் ஆட்கள் பி.சி.ஆர். என்பது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு. இது 12ஆம் பிரிவு. 14ஆம் பிரிவு, தனிநபர்கள் சேர்ந்த சங்கம் குற்றம் செய்தால் அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரையும் குற்றவாளியாகக் கொள்கிறது. ஆக, “நான் இல்லை, சங்கம்” என்று உரிமையாளரும், “நான் வெறும் செயலாளர்” என்று செயலாளரும் எளிதில் நழுவ முடியாது. தண்டனை சிறிதுதான்: ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் 100 முதல் 500 ரூபாய். இந்தக் காலத்தில் 500 ரூபாய் ஒரு மாதப் பராமரிப்புக் கட்டணத்துக்குக்கூடக் காணாது.

சங்கங்களின் பக்கம் பேசுபவர்கள் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைக் காட்டுவதுண்டு. அகமதாபாத் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சிகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். அது யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்பது பற்றிய வழக்கு. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவுக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லோரையும் கட்டுப்படுத்தும் பிரிவு அது.

வழக்கு நிற்க ஆதாரம் வேண்டும். புரோக்கர் வாய்மொழியாகச் சொன்னது போதாது. எந்த விதி, எந்தத் தேதித் தீர்மானம் என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பதிலை அழிக்காதீர்கள். பல கட்டடங்களில் அப்படியொரு விதி தாளிலேயே இருக்காது. பதிவுக்கு வரும் துணைவிதிகளில் உணவையோ சமூகத்தையோ வைத்து ஆளைப் பிரிக்கும் வரி இருந்தால் பதிவுத் துறை அதை அடித்துவிட்டே பதிய வேண்டும். வாடகைச் சட்டத்தில் இல்லாத அந்த ஒரு வரியை அரசு ஒரு திருத்தத்தில் சேர்த்துவிடலாம்.